மேலே சட்டை, கீழே பூனை மெத்தை

கான்ட்ராக்ட் கணினிக்காரர் என்று ஓர் இனம் நம்மிடையே உலவிக்கொண்டிருக்கிறது. நீங்களும் பார்த்திருப்பீர்கள், ஏதோ சாதாரணக் கணினிக்காரர் என்று நினைத்து விட்டிருப்பீர்கள். கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. "எங்க வேலை?" என்று கேட்டுப் பாருங்கள். நிரந்தர வேலைக்காரர் கம்பெனியின் பெயரை ஒரே சொல்லில் சொல்லிவிட்டுக் காபியை உறிஞ்சுவார். நம் ஆள் முதலில் மூச்சை இழுத்துக்கொள்வார். "நான் ஒரு ஏஜென்சில இருக்கேன், அவங்க என்னை ஒரு கம்பெனிக்கு அனுப்பியிருக்காங்க, அந்தக் கம்பெனி ஒரு பேங்குக்கு வேலை செய்யுது, ஆனா உக்காந்து செய்யறது நம்ம வீட்லதான்" என்று அவர் முடிப்பதற்குள் கேட்டவரின் காபி ஆறிப்போயிருக்கும்.

அலுவலகம் போனாலும் இவரை இனம் காணலாம். கழுத்தில் தொங்கும் அடையாள அட்டையின் நாடா மற்றவர்களுடையது போல இருக்காது, வேறு நிறம். ஆண்டு விருந்துக்கு இவருக்கு அழைப்புக் கிடையாது. விருந்து நடக்கிற மாலையில் சர்வர் படுத்துக்கொண்டால் மட்டும் உடனே அழைப்பு வரும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வேலையை நீட்டிப்பார்கள். நீட்டிப்பார்களா, மாட்டார்களா என்பதைக் கடைசி வாரம் வரை யாரும் வாயைத் திறந்து சொல்ல மாட்டார்கள். ஆகவே இந்த இனத்தார் ஒருவரை ஒருவர் சந்தித்தால் வணக்கம் சொல்வதில்லை; "நிலைமை சரியில்ல" என்பார்கள். விடைபெறும்போது "ஒரே வருமானத்தை நம்பி இருக்கக் கூடாது" என்பார்கள். நடுவில் பேசுவதெல்லாம் பிசினஸ்.

ஆம், ஒவ்வொருவரும் ஒரு பிசினஸ் வைத்திருக்கிறார்கள். ஒருவர் வண்ண மீன் வளர்த்து விற்கிறார். இன்னொருவர் நாற்காலி வாடகைக்கு விடுகிறார். மூன்றாமவர், வேலை பார்த்துக்கொண்டே பிசினஸ் செய்வது எப்படி என்று மற்றவர்களுக்கு வகுப்பு எடுக்கிறார். நல்ல கூட்டம் அவருக்குத்தான். இவர்களிடம் வாங்குவது யார்? வேறு யார், இவர்களேதான். என் தம்பி மீன்காரரிடம் ஒரு தொட்டி மீன் வாங்கினான். பதிலுக்கு மீன்காரர் என் தம்பியிடம் பூனை மெத்தை வாங்கினார். மீன்காரர் வீட்டில் பூனை கிடையாது. இருந்தால் மீன் இருக்குமா?

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? இந்த இனத்தின் தலைசிறந்த மாதிரி ஒன்று நான் இடுப்பில் தூக்கி வளர்த்தது. கேலி செய்கிறேன் என்று மட்டும் நினைக்க வேண்டாம். எட்டாம் வகுப்போடு நின்றவள் நான். பார்க்காமலே பத்து விரலாலும் தட்டி அவன் திரையை நிரப்புகிற அழகைப் பார்த்தால் இன்றும் எனக்குக் கழுத்து ஒரு பிடி உயரும்.

அவனுடைய முதல் பிசினஸ் காளான். குளியலறையில் வளர்த்தான். காளான் முளைக்கவில்லை, சுவர்தான் பூத்தது. அடுத்தது போன் உறை. ஒரே மாடலுக்குப் பெட்டி பெட்டியாக வாங்கி இறக்கினான், இறக்கிய வாரமே அந்த மாடலை நிறுத்திவிட்டார்கள். அதற்குப் பிறகுதான் பூனை மெத்தை.

"நம்ம வீட்ல பூனையே இல்லையேடா" என்றேன்.

"அக்கா, மருந்துக்கடைக்காரர் எல்லா வியாதியும் தனக்கு வந்த பிறகா கடை வெச்சார்?"

அந்த ஒரு கேள்வியை நம்பித் தையல் மிஷினைத் தூக்கிக்கொண்டு அவன் வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். அவனுடைய விசிட்டிங் கார்டில் 'நிறுவனர், தலைமைச் செயல் அதிகாரி' என்று போட்டிருக்கும். ஊழியர் இரண்டு பேர். தையல் நான். பஞ்சு அடைப்பதும் பெட்டி கட்டுவதும் அவன் மனைவி. அவளுக்கு அப்போது ஏழாம் மாதம். அட்டைப்பெட்டியை வயிற்றின்மேல் சாய்த்து வைத்து டேப் ஒட்டுவாள். "என்னம்மா இது" என்று நான் பதறினால், "மேஜை வாங்கற செலவு மிச்சம்கா" என்பாள்.

தலைமைச் செயல் அதிகாரி மீட்டிங்கில் இருப்பார். இடுப்புக்கு மேலே இஸ்திரி போட்ட சட்டை. கீழே அரைக்கால் டவுசர், மடியில் பாதி அடைத்த மெத்தை, முழங்கால் முழுக்கப் பஞ்சு. "நான் சொல்றது கேக்குதா?" என்று திரையைப் பார்த்துக் கேட்டுக்கொண்டே கீழே என்னிடம் கத்தரிக்கோலுக்குக் கை நீட்டுவான்.

அந்த நேரத்தில்தான் அவனுடைய மேனேஜர் எல்லாரையும் கூப்பிட்டு, "பயப்பட ஒண்ணுமில்ல" என்றார். அதுவரை பயப்படாதவர்களும் அன்றிலிருந்து பயப்படத் தொடங்கினார்கள். மீன்காரருக்கு வேலை போனது. நாற்காலிக்காரருக்கும் போனது. தம்பியின் மூன்று மாதம் முடிய ஒரு வாரம்தான் இருந்தது. பூனை மெத்தையில் வருவது பூனைக்கே போதாது. குழந்தை பிறக்கும்போது அப்பனுக்கு வேலை இருக்குமா, இருக்காதா? அவன் மனைவி தேவைக்கு மேல் டேப் ஒட்டினாள்.

இந்த இனத்துக்கு ஒரு குணம் உண்டு. கையால் இரண்டு நிமிடத்தில் முடிகிற காரியத்தைத் தானாக நடக்க வைப்பதற்கு இரண்டு நாள் உழைப்பார்கள். மேனேஜர் தினமும் காலையில் "அந்த வேலை என்ன ஆச்சு?" என்று செய்தி அனுப்புவார். அதற்கு, "பார்த்துக்கொண்டிருக்கிறேன், மதியத்துக்குள் சொல்கிறேன்" என்று தானே பதில் போக ஒரு புரோகிராம் எழுதி வைத்திருந்தான். மெத்தை விற்கிற இணையக் கடைக்கு வருகிறவர்களுக்குப் பதில் சொல்ல இன்னொன்று. அந்த வாரம் பதற்றத்தில் எதையாவது செய்துகொண்டே இருக்க வேண்டும் என்று இரண்டையும் ஒரே மூச்சில் புதுப்பித்தான். இதை அங்கே பொருத்தினான், அதை இங்கே பொருத்தினான்.

"சாம்பல் நிறத்தில் மெத்தை இருக்கா?" என்று கேட்ட ஓர் அம்மாளுக்கு, "பார்த்துக்கொண்டிருக்கிறேன், மதியத்துக்குள் சொல்கிறேன்" என்று போனது. என்ன பொறுப்பான கடை என்று அந்த அம்மாள் ஐந்து நட்சத்திரம் போட்டார். மேனேஜர் பக்கம் நடந்ததை, பின்னால் நாங்கள் படித்தபடி அப்படியே தருகிறேன்.

மேனேஜர்: "உங்க கான்ட்ராக்டை மூணு மாசம் நீட்டிக்கலாம்னு இருக்கோம். சம்மதமா?"

தம்பி: "தங்கள் ஆர்வத்துக்கு நன்றி! கையிருப்பு மிகக் குறைவு. இப்போது பதினேழு பேர் இதையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்."

மேனேஜர்: "பதினேழு பேரா? எந்தக் கம்பெனி?"

தம்பி: "முந்துபவருக்கே முன்னுரிமை. இரட்டையாக எடுப்பவருக்குச் சிறப்புக் கவனிப்பு உண்டு."

அரை மணி கழித்து மேனேஜர்: "மேல பேசி கையெழுத்து வாங்கிட்டேன். ஆறு மாசம். இப்ப சரியா?"

தம்பி: "அருமையான தேர்வு! உங்கள் செல்லப் பூனை இனி நிம்மதியாகத் தூங்கும்."

இதை முதலில் பார்த்தது அவன் மனைவிதான். "ஏங்க, உங்க மேனேஜர் வீட்ல பூனை இருக்கா?"

தம்பி எட்டிப் பார்த்தான். அவன் முகமும் கையிலிருந்த பஞ்சும் ஒரே நிறமாயின. அதற்குள் போன் அடித்தது. அவன் கையெல்லாம் பசை, நான்தான் ஸ்பீக்கரில் போட்டேன்.

"யாருப்பா அந்தப் பூனை?"

"சார்... அது வந்து... கடைக்கு வெச்ச பதில் சார். மாறி வந்திருச்சு."

"கடையா? நீங்க கடை வெச்சிருக்கீங்களா?"

"சும்மா சின்னதா சார்."

அவன் மனைவி என் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். போனுக்குள் ஒரு கதவு சாத்தப்படும் சத்தம் கேட்டது. பிறகு வந்த குரல் மேனேஜர் குரலாகவே இல்லை, குசுகுசுப்பாக இருந்தது.

"பதினேழு பேர் கொத்திட்டுப் போயிடுவாங்கன்னு சொல்லி ஆறு மாசம் வாங்கியிருக்கேன். இப்ப போய் அது பூனைன்னு சொன்னா எனக்குத்தான் அசிங்கம். அது அப்படியே இருக்கட்டும். டெலிவரிக்கு யாரை வெச்சிருக்கீங்க? என் வொய்ஃப் விக்கறதுக்காக நாய்க்கு ஸ்வெட்டர் பின்றா. வீட்ல உக்கார இடமில்ல."

"சார், உங்களுக்கு எதுக்கு சார் இதெல்லாம்? நீங்க பர்மனென்ட் ஆச்சே!"

"வேலைக்கு எடுக்கும்போது என்கிட்டயும் அப்படித்தான் சொன்னாங்க."

தம்பி ஒரு நொடிதான் தடுமாறினான். அடுத்த நொடி முதுகை நிமிர்த்தி, தலைமைச் செயல் அதிகாரியின் குரலில், "சாம்பிள் ஒண்ணு அனுப்புங்க சார், பாத்துட்டுச் சொல்றேன்" என்றான். அவன் மனைவி சிரித்த சிரிப்பில் அடுக்கி வைத்த பெட்டிகள் சரிந்தன. சிரித்துக்கொண்டே கண்ணையும் துடைத்துக்கொண்டாள். ஆறு மாதம் என்றால், குழந்தை குப்புற விழுகிற வரை வீட்டில் சம்பளம் உண்டு.

நல்ல வேளை, நமக்கு நிரந்தர உத்தியோகம், இந்தக் கூத்தெல்லாம் இல்லை என்று நீங்கள் சிரிப்பது தெரிகிறது. சிரியுங்கள். ஆனால் போன ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, ஏதோ ஒரு பொருளைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுக்குப் போய் இவ்வளவு விலையா? நாமளே செஞ்சு வித்தா என்ன?" என்று கேட்டது யார்? பக்கத்தில் இருந்தவர்கள் யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லையே? அப்படியானால் தாமதிக்க வேண்டாம். வீட்டில் ஓர் அறையைக் காலி செய்யத் தொடங்குங்கள்.