தாமதம் இல்லாத தாள்

இரும்புச்சத்து மாத்திரை ஏழு நிமிடம் தாமதமாகப் போயிருந்தது.

பேருந்து டிப்போவில் டைம்கீப்பராக இருந்த அவர், ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்த தாளின் முன்னால் நின்று, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார். எடுக்க வேண்டிய நேரம் எட்டு. எடுத்த நேரம் எட்டு ஏழு. தாமதத்துக்குக் காரணம் என்ற கட்டத்தில் அவர் மனைவி, 'குளித்துக்கொண்டிருந்தேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தாள்.

"ஏம்மா, எட்டு மணிக்கு இரும்புன்னு தெரியும்ல? ஏழே முக்காலுக்கு யாராவது குளிக்கப் போவாங்களா?"

"ஏழு நிமிஷத்துல என்னங்க ஆயிடப் போகுது?"

"பத்து மணிக்குக் கால்சியம். ரெண்டுக்கும் நடுவுல ரெண்டு மணி நேரம் விடணும்னு டாக்டர் சொன்னாரா இல்லையா? இப்ப கால்சியம் பத்து ஏழுக்குப் போகும். அதுக்குப் பின்னாடி இருக்கறதெல்லாம் தள்ளிப் போகும். ஒரு வண்டி லேட்டானா லைனே லேட்டு."

"நான் வண்டி இல்லைங்க."

அவர் அதற்குள் சிவப்புப் பேனாவை எடுத்து ஏழு என்ற எண்ணைச் சுற்றி வட்டம் போட ஆரம்பித்திருந்தார்.

நான்கு மாதத்துக்கு முன்னால்தான் அவளுக்கு எடை குறைக்கும் அறுவை சிகிச்சை நடந்தது. அப்போது நூற்றிருபது கிலோ. முதல் மாடியில் இருக்கும் வீட்டுக்கு ஏறி வருவதற்குள் இரண்டு இடத்தில் நிற்பாள். சிகிச்சை செய்துகொள்வதென்று முடிவெடுத்தவள் அவள், விசாரித்தவள் அவள், சம்மதக் கையெழுத்துப் போட்டவளும் அவள். இவர் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனதோடு சரி.

வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் இருவரையும் உட்கார வைத்துப் பேசினார். இரைப்பையைச் சிறிதாக்கியாகிவிட்டது, இனி சாப்பிடுகிற சாப்பாட்டில் மட்டும் உடம்புக்கு வேண்டிய சத்து கிடைக்காது, மாத்திரையும் வைட்டமினும் ஆயுசு முழுக்க உண்டு என்றார். விட்டால் ரத்தம் குறையும், எலும்பு மெலியும், நரம்பு மரத்துப்போகும் என்றும் சொன்னார். மனைவி, எப்போதிலிருந்து நடக்கப் போகலாம் என்று கேட்டாள். இவர் காதில் டாக்டர் சொன்ன பட்டியல் மட்டும்தான் விழுந்தது.

பயந்துபோனார் மனிதர். இருபத்தாறு வருடம் கூட இருந்தவள் ஒரு மாத்திரையை மறந்து செத்துப்போய்விடுவாளோ என்ற பயம். அதை அவளிடம் வாய்விட்டுச் சொல்லியிருந்தால் கதை அன்றே முடிந்திருக்கும். சொல்லத் தெரியவில்லை. அட்டவணை போடத் தெரியும். போட்டார்.

இத்தனைக்கும் முதல் மாதம் அவள் ஒரு சின்ன டப்பாவை வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் தானே சரியாகத்தான் எடுத்தாள். ஒருநாள் ஃபிரிட்ஜுக்கு அடியில் ஒரு கால்சியம் மாத்திரை இவர் கண்ணில் பட்டது. கை தவறி விழுந்தது, வேறொன்று எடுத்துக்கொண்டேன் என்றாள் அவள். விழுந்ததற்கும் பதிவு இல்லை, எடுத்ததற்கும் பதிவு இல்லை என்றார் இவர். மறுநாளே தாள் ஏறிவிட்டது. நாளைக்கு ஏழு மாத்திரை, ஏழு ட்ரிப்.

டிப்போவில் அவருக்கு அப்படி ஒரு பெயர். 'தாளில் இல்லாத வண்டி தெருவில் இல்லை' என்பது அவர் வாக்கு. தாளைப் பார்த்தே டிரைவர் எங்கே வண்டியை ஓரம் கட்டி டீ குடித்தார் என்று சொல்லிவிடுவார். இரும்பு மாத்திரை தாமதமான அன்றைக்குக்கூட ஒரு புது டிரைவர், நாள் முழுக்க ஒரு நிமிடம்கூடத் தாமதமில்லாமல் ஓட்டியதாகத் தாளை நீட்டினார். இவர் அதை வாங்கிப் பார்த்துவிட்டு அப்படியே திருப்பிக் கொடுத்தார்.

"தம்பி, ரோடுன்னு இருந்தா அஞ்சு நிமிஷம் முன்னப்பின்ன ஆகும். ஒரு நிமிஷம்கூட லேட்டில்லாத தாள் பொய்த்தாள். உக்காந்த இடத்துல எழுதினது. போய் உண்மையை எழுதிட்டு வாங்க."

டிரைவர் தலையைச் சொறிந்துகொண்டு போனார். முப்பது வருட அனுபவம் என்றால் சும்மாவா.

அன்று மாலையே ஏழு நிமிடத்துக்கு ஒரு வழி பண்ணினார். டிப்போவில் ஷிப்டு மாறும்போது அடிக்கும் பழைய மின்சார மணி ஒன்று கழித்துப் போட்டுக் கிடந்தது. அதைக் கேட்டு வாங்கி வந்து கூடத்தில் மாட்டினார். காலை ஆறு மணிக்கு முதல் வைட்டமினுக்கு அது அடித்தபோது எதிர்வீட்டில் விளக்கு எரிந்தது. மூன்றாம் நாள் அவள் தலையணையைத் தூக்கிக்கொண்டு, வெளியூரில் படிக்கும் மகளின் அறைக்குப் போய்விட்டாள். இவர் அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. தாளில் 'இடம்' என்று ஒரு கட்டம் சேர்த்தார்.

அடுத்தது தொலைபேசி. மாலையில் அவள் பூங்காவில் நடக்கப் போவாள். அது ஒன்றுதான் அவளுக்கு அப்போது சந்தோஷம். நான்கு பெண்கள் சேர்ந்து பேசிக்கொண்டே நாலு சுற்று வருவார்கள். ஐந்தரை மணி மாத்திரையை எடுத்தாளா என்று கேட்க டிப்போவிலிருந்து இவர் அழைப்பார். அவள் தொலைபேசியை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போக ஆரம்பித்தாள். விடுவாரா? பன்னிரண்டாம் எண் பேருந்து பூங்கா வழியாகத்தான் போகிறது. டிரைவரிடம் ஒரு வார்த்தை சொல்லி அனுப்பினார்.

டிரைவர் சொன்ன சொல் தட்டாதவர். பூங்கா வாசலில் வண்டியை நிறுத்தி, மூன்று முறை ஹாரன் அடித்து, தலையை வெளியே நீட்டினார்.

"அண்ணி, ஆபரேஷன் மாத்திரை அஞ்சரைக்கு எடுத்தாச்சான்னு சார் கேக்கச் சொன்னாரு."

வண்டியில் இருந்த நாற்பது பேரும் ஒரு பக்கமாகச் சாய்ந்து பார்த்தார்கள். கூட நடந்த மூன்று பெண்களும் அவளைப் பார்த்தார்கள். அதுவரை அவர்களுக்கு அவள் ஆபரேஷன் என்று ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. நடந்தே குறைத்தாள் என்று நினைத்து, அவளைப் பார்த்து அவர்களும் கூட ஒரு சுற்று நடந்துகொண்டிருந்தார்கள். மறுநாளிலிருந்து அவள் பூங்காவுக்குப் போகவில்லை. ஐந்தரை மணி மாத்திரை அதன்பிறகு தாமதமாகவே இல்லை என்பதை இவர் தாளில் கவனித்து, நல்ல முன்னேற்றம் என்று நினைத்துக்கொண்டார். அந்த இடத்தில் எனக்கே அவரை இரண்டு அறை வைக்கலாம் என்றுதான் தோன்றுகிறது.

தாளின் கடைசியில் 'குறிப்பு' என்று ஒரு கட்டம் இருந்தது. டிப்போவில் டிரைவர்கள் அதில் பிரேக் பிடிக்கவில்லை, கண்ணாடி ஆடுகிறது என்று எழுதுவார்கள். இவளும் எழுதினாள். 'முடி கொத்துக் கொத்தாகக் கொட்டுகிறது, பயமாக இருக்கிறது' என்று ஒருநாள். கீழே இவர், 'மாத்திரை 3, 5 விடாமல் எடுக்கவும்' என்று எழுதினார். 'இன்று மாடிப்படியை எங்கேயும் நிற்காமல் ஏறினேன்' என்று ஒருநாள். 'பார்வையிடப்பட்டது' என்று எழுதிச் சுருக்கொப்பம் வைத்தார். 'இன்று எனக்குப் பிறந்தநாள்' என்று ஒருநாள். அதற்கும் 'பார்வையிடப்பட்டது' என்று எழுதினார். தேதியை மட்டும் சரியாகப் போட்டிருந்தார்.

அதன்பிறகு குறிப்புக் கட்டம் காலியாகவே இருந்தது. கையெழுத்தும் கழுதை தேய்ந்து கட்டெறும்பு ஆன கதையாக, முழுப்பெயர் போய் இரண்டு எழுத்தாகி, கடைசியில் வெறும் ஒரு கோடாக நின்றது.

கோட்டைப் பார்த்ததும் அவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. மாத்திரையை விழுங்காமலே கோடு போடுகிறாளோ? கோடு போட எவ்வளவு நேரம் ஆகும்? கண்டக்டர் டிக்கெட் கொடுத்தாரா என்று பார்க்கச் செக்கர் இல்லையா, அதுமாதிரி இதற்கும் ஒருவர் வேண்டும். கீழ்வீட்டில் ஒரு தையல்காரம்மா இருந்தார். நாள் முழுக்க வீட்டோடு இருப்பவர், நாணயமானவர். அவரிடம் போய் விஷயத்தைச் சொல்லி, மாற்றுச் சாவியையும் கொடுத்து, மாத்திரை நேரத்துக்கு மேலே வந்து கண்ணால் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். தாளில் 'செக்கர்' என்று இன்னொரு கட்டம் ஏறியது.

மனைவி அந்தக் கட்டத்தின் மேல் விரலை வைத்தாள்.

"என் வார்த்தை பத்தாதா உங்களுக்கு?"

"வார்த்தையை யாரும்மா ஃபைல் பண்ண முடியும்? உன் நல்லதுக்குத்தான் சொல்றேன். உனக்கு ஒண்ணு ஆயிட்டா நான் என்ன பண்ணுவேன்?"

சொல்ல வேண்டியதைக் கிட்டத்தட்டச் சொல்லிவிட்டார். ஆனால் தாளைப் பார்த்துக்கொண்டே சொன்னார். அவள் அவர் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள், திரும்புவாரோ என்று. அவர் ஸ்கேலை வைத்துக் கட்டத்தின் கோட்டை நேராக்கிக்கொண்டிருந்தார்.

"சரிங்க. இனிமே எங்கிட்ட எதுவும் கேக்க வேண்டாம். உங்களுக்கு வேண்டியதெல்லாம் தாள்லயே இருக்கும்."

மகளின் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அவருக்கு, சொன்னால் வெட்கக்கேடு, கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது. ஒருவழியாக முறைப்படி நடக்கிறது.

அந்த வாரம் பள்ளிக்கூடங்கள் திறந்தன. கூடுதல் வண்டிகள், இரட்டை டியூட்டி. விடிவதற்கு முன்னால் நாலரைக்குக் கிளம்பினால் இரவு ஒன்பது மணிக்குத்தான் திரும்பி வருவார். சாப்பாடும் டிப்போ கேன்டீனிலேயே முடிந்துவிடும். முதல் நாள் வந்தபோது மகளின் அறைக்கதவு சாத்தியிருந்தது. அருகில் போய்த் தட்டக் கையைத் தூக்கினார். பிறகு திரும்பி ஃபிரிட்ஜைப் பார்த்தார். இரவு எட்டு மணிக் கால்சியம்வரை ஏழு கட்டத்திலும் கோடு இருந்தது, பக்கத்தில் தையல்காரம்மாவின் கையெழுத்தும் இருந்தது. ஆள் நன்றாகத்தான் இருக்கிறாள், எதற்குத் தூக்கத்தைக் கெடுப்பது என்று கையை இறக்கிக்கொண்டார். மறுநாளும் அப்படியே.

மூன்றாம் நாள் ஆறு மணிக்கே வேலை முடிந்தது. வீட்டுக்கு வந்ததும் செருப்பைக் கழற்றாமல் நேராகத் தாளிடம் போனார். ஆறு மணிக்கு ஆறு. எட்டுக்கு எட்டு. பத்துக்குப் பத்து. விரலை வைத்து வரிசையாக இறங்கினார். இரண்டரை நாளில் இருபது மாத்திரை, இருபதிலும் ஒரு நிமிடம்கூடத் தாமதமில்லை. காரணம் என்ற கட்டத்தில் ஒரு சொல் இல்லை. வாழ்க்கையில் இப்படி ஒரு தாளை அவர் பார்த்ததில்லை.

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. இவள் பிழைத்துக்கொள்வாள். இனி பயமில்லை. ஒரு நாள் பூங்காவுக்குக்கூடத் தானே கூட்டிப் போகலாம் என்று நினைத்தார். முதலில் செக்கருக்கு நன்றி சொல்லவேண்டும், அதுதான் முறை. தாளைக் கிழியாமல் உரித்து எடுத்துக்கொண்டு, சாத்தியிருந்த கதவைத் தாண்டி மாடிப்படி இறங்கினார்.

தையல்காரம்மா ஜாக்கெட் ஒன்றுக்குக் கை வைத்துக்கொண்டிருந்தார். வாயில் நாலைந்து குண்டூசிகள். இவர் தாளை அவர் முன்னால் விரித்துப் பிடித்தார்.

"முப்பது வருஷத்துல இந்த மாதிரி ஒரு தாள் என் கைக்கு வந்ததில்லைம்மா. ஒரு நிமிஷம் லேட்டில்லை. எல்லாம் உங்களாலதான்."

தையல்காரம்மா மிதியிலிருந்து காலை எடுத்தார். குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்துச் சின்னத் திண்டில் குத்தி வைத்தார். இவர் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

"அக்கா முந்தாநாள் காலையிலேயே மாத்திரை டப்பாவை எடுத்துக்கிட்டு அவங்க தங்கச்சி வீட்டுக்குப் போயிட்டாங்க சார், ரெண்டு கட்டத்துலயும் என்னையே கையெழுத்துப் போடச் சொன்னாங்க, நீங்க எத்தனை நாள் கழிச்சு அந்தக் கதவைத் தட்டறீங்கன்னு அவங்களுக்குத் தெரியணுமாம்."