ஒரே மாதிரி இரண்டு பிலிம் டப்பாக்கள்

எதையும் ஏழு தடவை சரிபார்க்கிற ரகம் நான். கேஸை மூடினேனா, கதவைப் பூட்டினேனா, பூட்டிய கதவை இழுத்துப் பார்த்தேனா என்று தெரு முனையிலிருந்து திரும்பி வருவேன். என் வாழ்க்கையின் மிகப் பெரிய தவறு நடந்தது கவனக்குறைவால் அல்ல, ஏழாவது தடவை சரிபார்த்ததால்தான்.

தொண்ணூற்றொன்பதில் நாங்கள் கொல்லிமலையில், செம்மேட்டில் குடியிருந்தோம். கணவர் அங்கே கால்நடை மருத்துவர். நான் சேலத்தில் ஒரு கல்லூரியில் இயற்பியல் ஆராய்ச்சி மாணவி. கைக்குழந்தைக்குப் பதினோரு மாதம். மாட்டு டாக்டரின் மனைவி என்பதால் ஊரே என்னை ‘டாக்டரம்மா’ என்றது. (நான் பட்டம் வாங்க எட்டு வருஷம் ஆனது. செம்மேடு எட்டே நாளில் கொடுத்துவிட்டது.)

என் ஆராய்ச்சி ஒரு கருப்புக் கல்லைப் பற்றியது. லாந்தனமும் கால்சியமும் மாங்கனீசும் ஆக்சிஜனோடு சேர்ந்த படிகம். அதனுள் இருக்கும் எலெக்ட்ரான்களின் சுழல்கள் எல்லாம் ஒரே பக்கம் பார்த்து நின்றால் மின்சாரம் தாராளமாக ஓடும். ஆளுக்கொரு பக்கம் முறைத்துக்கொண்டால் தடுமாறும். (எங்கள் வீட்டுக் கல்யாணப் பேச்சு மாதிரி.) பக்கத்தில் ஒரு வலுவான காந்தம் வந்தால் போதும், எல்லாம் சமாதானமாகித் திரும்பிவிடும். நாளைய கம்ப்யூட்டரின் நினைவகம் இதிலிருந்து வரும் என்று அப்போது உலகமே பேசியது. இன்றைக்குக் குவாண்டம் பொருட்கள் என்று கௌரவமாகச் சொல்கிறார்கள். அன்று எனக்கு அது, உலையில் மாதக்கணக்கில் வேகவைத்து எடுத்த நான்கு கருப்புத் துண்டுகள். ஆய்வகத்தில் விட்டால் யாராவது கூட்டித் தள்ளிவிடுவார்களோ என்று பயந்து, பிரசவ விடுப்பின்போது அவற்றை மலைக்கே கொண்டுவந்து பீரோவில் நகைகளோடு வைத்திருந்தேன்.

பெங்களூரில் ஒரு பெரிய ஆய்வுக்கூடத்தில், திரவ ஹீலியத்தில் குளிரவைத்து அளக்கும் இயந்திரத்தில் எனக்கு இடம் கிடைத்தது. நான்கு மாதம் காத்திருந்து கிடைத்த இரண்டே நாள். அது தவறினால் அடுத்த வருஷம்தான். என் ஆய்வேட்டில் அந்த அளவீடு ஒன்றுதான் பாக்கி.

குழந்தையைப் பக்கத்து வீட்டுச் சின்னப்பொண்ணிடம் விடுவதாக ஏற்பாடு. என் வயதுதான் அவளுக்கும், மலையிலேயே இன்னொரு பக்கம், எடப்புளி நாட்டிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள், மூன்று பிள்ளைகள் பெற்றவள். எனக்கு ஒன்றை வைத்துக்கொண்டே மூச்சு முட்டியது.

அவளுக்காக, சுட்டுக் கருப்பான வசம்புத் துண்டுகளை ஒரு பிலிம் டப்பாவில் போட்டு மேஜைமேல் வைத்தேன். குழந்தை வயிற்று வலியில் அழுதால் கல்லில் உரைத்து நாக்கில் ஒரு பொட்டு வைக்க. என் படிகங்களும் அதே மாதிரி இன்னொரு பிலிம் டப்பாவில்தான் இருந்தன. ஆனால் அதன்மேல் பிளாஸ்திரி ஒட்டி ‘மாதிரி’ என்று எழுதியிருந்தேன். வசம்பு டப்பாவின்மேல் ஒன்றும் எழுதவில்லை. எங்கள் பக்கத்தில் பிள்ளை பெற்ற வீட்டில் அதன் பெயரைச் சொல்லமாட்டார்கள், ‘பேர் சொல்லாதது’ என்பார்கள். நான் குவாண்டம் இயற்பியல் படித்தவள்தான். ஆனாலும் எதற்கு வம்பு?

கிளம்பும் நாள் காலையில் ஏழாவது தடவையாகப் பையைத் திறந்தேன். பிளாஸ்திரியில் என் கையெழுத்து கோணலாகத் தெரிந்தது. பெங்களூர்க்காரர்கள் என்ன நினைப்பார்கள்? பிய்த்து எறிந்துவிட்டுப் புதிதாக எழுதினேன். அதற்குள் குழந்தை அழுதது. போய்த் தூக்கிச் சமாதானம் செய்துவிட்டு வந்து, முத்து முத்தான எழுத்தை மேஜையிலிருந்த இரண்டு டப்பாக்களில் ஒன்றில் அழுத்தி ஒட்டினேன். எந்த டப்பாவில் என்று நீங்கள் கேட்கவே வேண்டாம். குலுக்கிப் பார்த்தேன், இரண்டும் ஒரே மாதிரி கடகடத்தன. தேவையில்லாமல் திறக்கக் கூடாது என்று என் வழிகாட்டிப் பேராசிரியர் சொல்லியிருந்தார். வாழ்க்கையில் அந்த ஒரு தடவை சொன்ன பேச்சைக் கேட்டேன்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு, இயந்திரத்தைக் கவனித்துக்கொண்ட பாலு சார் முன்னால் நின்றேன். அவர் மயிலாடுதுறைக்காரர், நாலு பேருக்கு மேல் அந்த அறையில் நுழைய விடாதவர். டப்பாவைத் திறந்து வெள்ளைத் தாளில் கொட்டினார். இடுக்கியால் ஒரு துண்டை எடுத்தார். அது பொடிந்து விழுந்தது.

“என்னம்மா, இவ்ளோ மிருதுவா இருக்கு?”

“சார், அது... கொஞ்சம் புது முறையில வளர்த்தது சார்.”

(கேள்வி கேட்டால் யோசிக்காமல் பதில் சொல்லும் வியாதி எனக்குப் பள்ளிக்கூடத்திலிருந்தே உண்டு.)

அவர் தாளைத் தூக்கி மூக்கருகே கொண்டுபோனார். கண்ணாடியைக் கழற்றினார். “இது வசம்பு இல்லியோ? எங்க வீட்ல குழந்தைக்கு இதத்தானே குடுக்கறா?”

அடுத்த நொடியில் ஆய்வேடு, பட்டம், ஹீலியம் எல்லாம் என் மண்டையிலிருந்து போய்விட்டன. இங்கே வசம்பு என்றால், அங்கே? லாந்தனம். மாங்கனீசு. என் பிள்ளையின் நாக்கு.

அலுவலக அறைக்கு ஓடி, செம்மேடு பஸ் ஸ்டாண்டு எஸ்.டி.டி. பூத்துக்குப் போன் போட்டேன். கடைக்காரர் ஆளைக் கூட்டி வருகிறேன் என்று ரிசீவரைக் கீழே வைத்துவிட்டுப் போனார். அந்த முனையில் பஸ் ஹாரனும் யாரோ மிளகு மூட்டையைப் பற்றிச் சண்டை போடுவதும் கேட்டன. நான் வேண்டாத தெய்வம் இல்லை.

“ஏனுங்க டாக்டரம்மா, நல்லபடியாப் போய்ச் சேந்துட்டீங்களா?”

“சின்னப்பொண்ணு! அந்த டப்பாவுல இருந்த வசம்பைப் பாப்பாவுக்குக் குடுத்தியா?”

“ஐயோ, பேரச் சொல்லாதீங்க!”

“வசம்பு! வசம்பு! வசம்பு! குடுத்தியா இல்லியா?” அலுவலகத்தில் டைப் அடித்துக்கொண்டிருந்த இருவர் நிறுத்திவிட்டார்கள்.

“காலைல வயித்தப் புடிச்சுக்கிட்டு ஒரே அழுகைங்க. அதான் எடுத்து உரைச்சேன்.”

நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

“உரைச்சேன் உரைச்சேன், கல்லுதான் தேயுது, அது தேயமாட்டேங்குது. டவுன் சரக்கு இப்புடித்தான் கெட்டியா இருக்கும்போலன்னு இன்னும் நாலு இழுப்பு இழுத்தேன். அப்பறம் மோந்து பாத்தேன். வாசமே இல்லீங்க! வாசமில்லாதத எப்புடிங்க புள்ள வாயில வெக்கறது? தூக்கி அடுப்பு மேட்டுல வெச்சுட்டு எங்கூட்டுத எடுத்து உரைச்சு ஊத்துனேன். டர்ருனு காத்த உட்டுச்சு, சிரிச்சுச்சு. இப்ப களி திங்குதுங்க, சாமி.”

“நாக்குல படவே இல்லியே? நிச்சயமா?”

“என்னய என்ன அறிவு கெட்டவன்னு நெனச்சீங்களா? உங்களுக்கு எவனோ கல்லக் குடுத்து ஏமாத்திப்புட்டான். எந்தக் கடைன்னு சொல்லுங்க, சந்தைக்கு வாரப்போ கேக்கறேன்.”

நான் அழுதேன். அவள் கடைக்காரரிடம் “அம்மாவுக்குப் புள்ள நெனப்பு” என்று விளக்கம் சொல்வது கேட்டது.

பாலு சார் அடுத்த நாள் மாலைவரை ஹீலியம் தாங்கும் என்றார். மறுபடி போன் போட்டு, இங்கே மிசினுக்கு அந்த டப்பாதான் வேண்டும் என்று சின்னப்பொண்ணிடம் சொன்னேன். ஏன், எதற்கு என்று அவள் கேட்கவில்லை. மதியம் சேலம் போகும் பஸ் கண்டக்டரிடம் டப்பாவைக் கொடுத்து, “டாக்டரம்மாவுக்கு உசுருக்கு ஒப்பானது” என்று சொல்லியிருக்கிறாள். அவர் சேலத்தில் பெங்களூர் பஸ் கண்டக்டரிடம் அதையே சொல்லிக் கொடுத்திருக்கிறார். விடிகாலையில் பஸ் நிலையத்தில் அவர் மருந்தை நீட்டுவதுபோலக் கைகுவித்து என்னிடம் நீட்டினார். இன்றுவரை அவர்கள் பெயர்கூட எனக்குத் தெரியாது.

டப்பாவில் நான்கு கற்களும் இருந்தன, சோப்புப் போட்டுக் கழுவி. பாலு சார் ஒன்றை லென்ஸில் பார்த்தார். “இந்தப் பக்கத்த மட்டும் யாரு இவ்ளோ அழகா மெருகு போட்டது?”

“பக்கத்து வீட்டுல சார்” என்றேன்.

உரைகல்லில் தேய்ந்த அந்தப் பக்கத்தில்தான் மின்கம்பிகள் நழுவாமல் ஒட்டின. காந்தத்தின் வலுவை ஏற்ற ஏற்ற மின்தடை சரிந்து இறங்கிய வளைகோடு அன்று மாலை திரையில் வந்தது. அப்போதும் நான் குழந்தையைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். என் ஆய்வேட்டின் நன்றியுரையில், பேராசிரியர்கள் வரிசைக்கு மேலே, ‘மாதிரியை மெருகேற்றியதற்கும், முகர்ந்து பார்த்ததற்கும்: சின்னப்பொண்ணு’ என்று இருக்கிறது. அந்த வரியை எடுத்துவிட வேண்டாமா என்று வழிகாட்டி இரண்டு முறை கேட்டார். நான் ஒரு முறைகூட மறுபரிசீலனை செய்யவில்லை.

ஆனால் மலையில் அந்தக் கதை வேறு மாதிரிப் பரவியிருந்தது. நான் ‘வசம்பு, வசம்பு’ என்று போனில் அலறிய அலறலையும், கண்டக்டர்கள் டப்பாவைக் கைமாற்றிய அவசரத்தையும் சேர்த்து ஊர் தானாகவே ஒரு முடிவுக்கு வந்துவிட்டது. இப்போது நாங்கள் கீழே நாமக்கல்லில் இருக்கிறோம். வருஷத்துக்கு ஒரு முறை சின்னப்பொண்ணு வீட்டுக்குப் போவோம். பஸ் ஸ்டாண்டில் இறங்கும்போதே அந்தப் போன் கடைக்காரர், கல்லூரியில் படிக்கிற என் மகள் பக்கத்தில் நிற்கும்போதே, முகத்தில் சிரிப்பே இல்லாமல் கேட்பார்:

“ஏனுங்க டாக்டரம்மா, பெங்களூர் மிசினுக்கு வயித்து வலி தேவலைங்களா?”

“தேவலைங்க” என்பேன். வேறென்ன சொல்ல?