சரசு அக்காவின் அண்டாவில் என் கடற்பயணம்

எனக்கு நீச்சல் தெரியாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் அன்றைக்கு இதை யாரிடமும் சொல்லவில்லை.

அப்போது எனக்கு இருபத்து நாலு வயது. புக்கிட் தெங்காவில் ஒரு தொழிற்சாலை ஆபீசில் வேலை. எனக்குக் கீழே இருந்தது ஒரே ஒரு பிரிண்டர்தான். அதுவும் என் பேச்சைக் கேட்காது. ஆனாலும் என்னை ஒரு மானேஜராகவே நினைத்துக்கொண்டிருந்தேன்.

இரண்டு நாள் விடாத மழை. ஜார்ஜ் டவுனில் எங்கள் சந்து இடுப்பளவு தண்ணீரில் நின்றது. அக்கம்பக்கத்து ஜனங்கள் இருநூறு பேர், மேட்டில் இருந்த பள்ளி மண்டபத்தில். காலையில் எல்லாருக்கும் பிஸ்கெட்தான். மதியச் சாப்பாட்டை சரசு அக்கா ஏற்றுக்கொண்டார். எங்கள் வட்டாரக் கல்யாணங்களுக்கெல்லாம் அவர் சமையல்தான். அரிசி, பருப்பு, கேஸ் அடுப்பு எல்லாம் மண்டபத்துக்கு வந்துவிட்டன. அண்டா மட்டும் அக்கா வீட்டில்.

“தம்பி முரளி, நாலு பேரக் கூட்டிக்கிட்டுப் போயி தூக்கிட்டு வாய்யா. பதினோரு மணிக்குள்ள உலை வைக்கணும். பிள்ளைங்க பசியில அழுவுதுங்க லா.”

நாலு பேரா? (மானேஜர் மூளை விழித்துக்கொண்டது.) மிதக்கிற பாத்திரத்துக்கு நாலு பேர் எதற்கு? தனியாகவே போனேன். அண்டாவைத் தண்ணீரில் விட்டேன், சொன்ன பேச்சைக் கேட்டுக் கூடவே வந்தது. அதோடு நிறுத்தியிருக்கலாம். மிதக்கிறதை ஏன் தள்ள வேண்டும், ஏறி உட்கார்ந்தால் என்ன என்று தோன்றியது. சனியன் எப்போதும் யோசனையாகத்தான் வரும் போலிருக்கிறது.

ஏறினேன். அண்டாவுக்குள் கிடந்த சாம்பார்க் கரண்டிதான் துடுப்பு. ஒரு பத்து விநாடி, ராஜா நான்! எதிர்வீட்டு மாடியிலிருந்து காக் நோர் (மலாய்க்காரர், சந்துக்கே அக்கா) கத்திக் கத்தி எச்சரித்தார். நானோ கையசைத்தேன்.

முனைக்கு வந்ததும் பெரிய சாக்கடையின் இழுப்பு பிடித்துக்கொண்டது. அண்டாவுக்கு முன்பக்கமும் கிடையாது, பின்பக்கமும் கிடையாது என்பது அப்போதுதான் உறைத்தது. சுற்ற ஆரம்பித்தது. ‘இங்கே வண்டி நிறுத்தக் கூடாது’ என்ற கம்பம் ஒன்று வந்தது. அதைத் தாவிக் கட்டிக்கொண்டேன். அண்டா என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் போய்விட்டது.

நாசி கண்டார் சோற்றுக் கடை காதர் அண்ணன் கயிற்றோடு வந்து என்னை இழுத்துப் போட்டார்.

“நீச்சல் தெரியுமாடா?”

“தெரியாதுண்ணே.”

“அப்புறம் எதுக்குடா ஏறுனே?”

“மிதந்துச்சுண்ணே.”

அக்கா திட்டுவார் என்று பார்த்தேன். துண்டை எடுத்து என் தலையைத் துவட்டினார். “உசுரோட வந்தியே, அது போதும்யா” என்றார். பிறகு அரிசி மூட்டையைப் பார்த்தார். “இத்தன பேருக்கு இனி எதுல வடிப்பேன்?” கண் கலங்கிவிட்டது. நாலு அறை விட்டிருந்தால்கூட எனக்கு அவ்வளவு வலித்திருக்காது.

காதர் அண்ணன் வாட்ஸ்அப் குழுவில் குரல் செய்தி போட்டார். “நம்ம முரளி அண்டாவ கடலுக்கு அனுப்பிட்டான். பானை இருக்கிறவங்க கொண்டாங்க.” அரை மணி நேரத்தில் வந்து குவிந்தன. அண்ணன் கடையிலிருந்து இரண்டு, காக் நோர் விருந்துக்கு வைத்திருந்தது, காப்பிக் கடைச் சீன அங்கிள் தலையில் கவிழ்த்துக்கொண்டு வந்த கஞ்சிப் பானை என்று மொத்தம் பதினொன்று. எல்லாரும் சாப்பிடுகிற மாதிரி சோறு, பருப்பு, முட்டைக்கோஸ். ஒரு பானையில் குழைவு, ஒன்றில் அரை வேக்காடு, நான் கிண்டியதில் அடிப்பிடிப்பு. இரண்டு மணிக்குப் பந்தி. ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. பதினொரு பானையையும் நானே கழுவினேன்.

நம்மவர்கள் பாத்திரம் வாங்கினால் பெயர் வெட்டாமல் விடுவார்களா? மூன்றாம் நாள், பாலத்தடியில் சிக்கிய அண்டாவை யாரோ ஒரு மலாய்க்காரர் கண்டெடுத்து, ‘இது என்ன எழுத்து, யாருடையது?’ என்று படம் அனுப்பியிருந்தார். அது கைமாறிக் கைமாறி எங்கள் குழுவுக்கே வந்தது. விளிம்பில் பளிச்சென்று ‘சரஸ்வதி’. அக்கா அந்தப் படத்துக்கு முத்தம் கொடுத்தார். கரண்டி மட்டும் போனது போனதுதான்.

அடுத்த வருடம் என் கல்யாணத்துக்கு அக்காவே சமைத்தார். எவர்சில்வர் அண்டா ஒன்று பரிசாகவும் கொடுத்தார். என் பெயரைத் தேடி விளிம்பைத் தடவினேன். ‘சமைக்க மட்டும்’ என்று வெட்டியிருந்தது. பந்தியில் காதர் அண்ணன் வாய்விட்டுச் சிரித்ததில் புரையேறிவிட்டது.

வீட்டில் நான் எந்தத் தப்பு செய்தாலும் என் மகள், “மிதந்துச்சாப்பா?” என்று கேட்கிறாள். மழை இருட்டிக்கொண்டு வந்தால் என் மனைவி முதல் வேலையாக அந்த அண்டாவில் விளிம்பு வரை தண்ணீர் நிரப்பிவிடுகிறாள். குடிப்பதற்கு அல்ல.