கழுகின் வயிற்றில் மோதிரம்

பறவை வேஷம் போடுகிறவர்கள் முதலில் பேன்ட் பாக்கெட்டைக் காலி செய்துவிட வேண்டும். இந்த அறிவுரை யாருக்கும் அதிகம் பயன்படாது. பயன்பட்டிருக்க வேண்டிய ஒரே ஆள் அசோக் நகரில் இருந்தான். வயது இருபத்து நான்கு, கையில் விலங்கியல் முதுகலைப் பட்டம், தலை நிறைய முடி, அதற்குக் கீழே நிறைய காற்று. அது நான்தான்.

அடையாறில் ஒரு சின்ன வனவிலங்கு அமைப்பில் அப்போது தன்னார்வலனாக இருந்தேன். அழிந்துவரும் பறவைகளைப் பற்றி ஊருக்குச் சொல்ல, பாண்டி பஜார் நடைபாதையில் பறவை வேஷம் போட்டு நிற்பதென்று முடிவானது. கானமயிலுக்கு மட்டும் போட்டா போட்டி. (ஆடலாம், போட்டோவில் அழகாக இருக்கும்.) கழுகாக நிற்க ஒருத்தரும் முன்வரவில்லை. "நான் இருக்கேன்" என்று எழுந்தேன். அதோடு விட்டிருக்கலாம். "கழுகுன்னு சொல்லாதீங்க, பாறுன்னு சொல்லுங்க. அதுதான் சரியான தமிழ்ப் பேர்" என்று ஒரு திருத்தமும் கொடுத்தேன். யாரையும் எதற்கும் திருத்துவது அந்த நாட்களில் எனக்கு மூச்சு விடுவது மாதிரி.

உடை தைத்தவர் ஆதம்பாக்கத்தில் பள்ளி மாறுவேடப் போட்டிகளுக்குத் தைக்கும் டெய்லர். படத்தைப் பார்த்தவர், "கழுத்து மொட்டையா இருக்கே சார், ரெண்டு கலர் இறகு வைக்கட்டுமா?" என்றார். செத்த மாட்டின் வயிற்றுக்குள் தலையை விட்டுச் சாப்பிடுகிற பறவைக்குக் கழுத்தில் இறகு இருந்தால் என்ன ஆகும் என்று விளக்கமாகச் சொன்னேன். அவர் கையிலிருந்த டீயை அப்படியே ஓரமாக வைத்துவிட்டார். கழுத்தைச் சுற்றி வெள்ளை உல்லனில் ஒரு வளையம், முதுகில் நீளமாக ஒரு ஜிப், தலையும் உடம்பும் சேர்ந்த ஒரே உடை. பார்க்க அசல் பாறு.

நிகழ்ச்சி நடந்த அன்று மாலையே என் அக்கா வாணியின் நிச்சயதார்த்தம், மயிலாப்பூரில் ஒரு சின்ன ஹாலில். மாப்பிள்ளைக்கு அக்கா போட வேண்டிய மோதிரம் கொஞ்சம் பெரிதாக இருந்ததால், தி. நகர் கடையில் சின்னதாக்கக் கொடுத்திருந்தோம். "அங்கதானே போறே, வாங்கிக்கிட்டு நேரா ஹாலுக்கு வந்துடு" என்றார் அம்மா. வாங்கினேன். பேன்ட் பாக்கெட்டில் பத்திரமாக வைத்தேன். அதன் மேல் கழுகை மாட்டிக்கொண்டேன்.

பாண்டி பஜாரில் எனக்குக் கிடைத்த வரவேற்பைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. குழந்தைகள் வான்கோழி என்றார்கள். இரண்டு கையிலும் துணிக்கடைப் பைகளோடு வந்த ஓர் அம்மா, "எந்தக் கடைப்பா? ஆஃபர் எத்தனை நாளைக்கு?" என்று கேட்டார். இந்தப் பறவை அழிந்துகொண்டிருக்கிறது என்றேன். "அப்ப சீக்கிரம் முடிஞ்சிடும்னு சொல்லு" என்று வேகமாகப் போய்விட்டார்.

எல்லாம் முடிந்து வேஷத்தைக் கழற்றப் போனபோது ஜிப் நகரவில்லை. கழுத்து வளையத்தின் உல்லன் அதில் மாட்டிக்கொண்டிருந்தது. நண்பன் ரமேஷ் இழுத்தான், முதுகில் காலை வைத்துக்கூட இழுத்தான். ஜிப்பின் பிடிதான் அவன் கையோடு வந்தது. அந்த நேரம் பார்த்து அம்மாவின் போன். ரமேஷ் அலகின் ஓட்டைக்குள் போனை நுழைத்துப் பிடித்தான்.

"மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வந்தாச்சு. எங்கடா இருக்கே?"

"அம்மா, டிரெஸ் மாத்த முடியலம்மா..."

"எந்தக் கோலத்துல இருந்தாலும் பரவாயில்ல. அப்படியே கிளம்பி வா!"

தாய் சொல்லைத் தட்டாத பிள்ளை நான். அப்படியே கிளம்பினேன்.

ஆட்டோ டிரைவர் என்னைத் தலைமுதல் கால்வரை ஒரு முறை பார்த்தார். "இன்னா நைனா, இன்னா வேஷம் இது?"

"பாறு."

"பாத்துக்கினுதான் கீறேன். இன்னான்னு சொல்லு."

"பாறுங்க!"

"அட, மரியாதையா சொன்னா மட்டும் புரிஞ்சிடுமா? ஏறு, ஏறு. றெக்கைய உள்ள இஸ்துக்கோ, பஸ்காரன் உரசிட்டுப் போயிடுவான்."

ஹால் வாசலில் சந்தனக் கிண்ணத்தோடு நின்றவர் மாப்பிள்ளையின் அத்தை. நான் படியேறியதும் அவர் போட்ட அலறலில் உள்ளே நாதஸ்வர சி.டி.யை யாரோ நிறுத்திவிட்டார்கள்.

"ஐயையோ! பொணந்தின்னிக் கழுகு! நல்ல காரியம் நடக்கிற எடத்துல இது என்ன அபசகுனம்!"

அப்பா ஓடி வந்தார். என் ஷூவைப் பார்த்தே அது நான்தான் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. வாழ்க்கையில் பொய்யே சொல்லாத மனிதர், ஒரு நொடியில் அபாரமான ஒன்றைச் சொன்னார்.

"கழுகு இல்லீங்க, கருடன்! நம்ம பையன் குமார்தான். கோயில்ல ஒரு நிகழ்ச்சி, முடிச்சிட்டு அப்படியே வந்திருக்கான்."

ஹாலே பெருமூச்சு விட்டது. கருடனா! நிச்சயதார்த்தத்துக்குக் கருடனே வந்துவிட்டதா! அத்தை கிண்ணத்தை வைத்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். யாரோ என் அலகில் குங்குமம் வைத்தார்கள். நாதஸ்வரம் மறுபடி ஆரம்பித்தது.

புத்தியுள்ள எவனும் இந்த இடத்தில் இரண்டு சிறகையும் விரித்து ஆசீர்வாதம் செய்துவிட்டு ஓர் ஓரமாகப் போயிருப்பான்.

"கருடன் இல்லப்பா" என்றேன். (தலை முழுக்க ஸ்பாஞ்ச் என்பதால் கத்தித்தான் பேச வேண்டும். ஹால் முழுக்கக் கேட்டது.) "கருடன்னா செம்பருந்து. அது இப்பவும் நிறைய இருக்கு. நான் பாறு. அழிஞ்சுக்கிட்டு இருக்கேன்."

"இப்பவே அழிஞ்சு போயேண்டா" என்றார் அப்பா, உதடு அசையாமல்.

நான் விடவில்லை. ஒரு பகல் முழுக்கப் பாண்டி பஜாரில் யாரும் கேட்காத பேச்சு எனக்குள் தேங்கியிருந்தது. இங்கே நாற்காலி போட்டு உட்கார்ந்த கூட்டம்! "இதுங்களை யாரும் சுட்டுக் கொல்லலீங்க. மாட்டுக்கு வலி, வீக்கம்னா ஊசி போடுறாங்க இல்லையா, டைக்ளோஃபினாக், அதான் காரணம். அந்த மாடு செத்து, அதைச் சாப்பிட்டா பாறுக்கு கிட்னி போயிடும், ரெண்டு மூணு நாள்ல செத்துடும். ஒரு மாட்டைக் கூட்டமா சாப்பிடுற பறவை, கூட்டமாவே சாகும். வருஷத்துக்கு ஒரே முட்டை, எப்படி மீண்டு வரும்? மாட்டுக்குப் போடக்கூடாதுன்னு தடை வந்த பிறகும், மனுஷங்களுக்கான பெரிய குப்பியை வாங்கி மாட்டுக்குப் போட்டாங்க. வித்தவங்களைச் சொல்லணும். மாட்டு மருந்துக் கடைக்காரங்களுக்கு மனசாட்சியே இல்லீங்க!"

கைதட்டல் வரும் என்று எதிர்பார்த்தேன். மின்விசிறிச் சத்தம்தான் வந்தது.

முன்வரிசையில் மாப்பிள்ளையின் அப்பா மெதுவாக எழுந்தார். அமைதியான மனிதர், திண்டிவனம் பக்கம். சொந்தமாக மருந்துக் கடை வைத்திருக்கிறார் என்று வீட்டில் நூறு முறை பேசினார்கள். என்ன மருந்து, யாருக்கு மருந்து என்று நான் ஒருமுறையும் கேட்டதில்லை. பாறு என்ன சாப்பிடும் என்று எனக்குத் தெரியும். என் அக்கா போகப்போகிற வீட்டில் எதை வைத்துச் சாப்பிடுகிறார்கள் என்று தெரியாது.

"எங்கப்பா காலத்துலேர்ந்து மாட்டு மருந்துதான் விக்கிறோம்" என்றார் என் அப்பாவிடம். "மனசாட்சி இல்லாதவங்கன்னு இன்னைக்குத்தான் ஒருத்தர் சொல்லிக் கேக்குறேன்." துண்டை எடுத்துத் தோளில் போட்டார். அது கிளம்புகிறவர்கள் போடுகிற விதம்.

அம்மா என்னைப் பார்த்த பார்வையில் அந்த இனம் அங்கேயே முற்றிலும் அழிந்திருக்க வேண்டும்.

அப்போதுதான் அக்கா அறையிலிருந்து பட்டுப்புடவை சரசரக்க வெளியே வந்தாள். அவள் கண்கள் சிவந்திருந்தன. இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சிரிப்பு நின்றுவிடும்.

"குமாரு, நீ வாயை மூடு. அலகையும் மூடு" என்றாள். பிறகு அவரிடம் திரும்பினாள். "மாமா, அவன் பேசின விதம் தப்பு. அதுக்கு நான் மன்னிப்புக் கேட்டுக்கறேன். ஆனா அவன் சொன்ன விஷயம் சரியா தப்பான்னு எனக்குத் தெரியாது, உங்களுக்குத்தான் தெரியும். தப்புன்னா தப்புன்னு சொல்லுங்க. உக்காந்து சொல்லுங்க மாமா."

அவர் நாற்காலியை இழுத்தார். உட்கார்ந்தார். துண்டு மடிக்கு வந்தது.

"நேரம் ஆகுதுங்க, மோதிரத்தை எடுங்க" என்று யாரோ குரல் கொடுத்தார்கள்.

"மோதிரம் எங்கடா?" என்றார் அப்பா.

"உள்ள இருக்கு."

"உள்ளன்னா? ரூம்லயா?"

"எனக்குள்ளப்பா."

ஜிப் கதையைச் சொன்னேன். மாப்பிள்ளை செந்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது. அவருடைய அப்பா ஒரு பெருமூச்சு விட்டு, பூக்காரம்மாவிடம் கத்தரிக்கோல் வாங்கிக்கொண்டார். "படுக்க வைங்க" என்றார். கன்றுக்குட்டியைப் படுக்கவைக்கிற அதே குரல். ஜமுக்காளத்தில் மல்லாந்தேன். அவர் என் பக்கத்தில் மண்டியிட்டு வயிற்றில் கத்தரியை வைத்தார்.

வெட்டிக்கொண்டே, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி பேசினார். "நீ சொன்ன மருந்தை நான் இப்ப விக்கிறதில்ல தம்பி. முன்ன வித்திருக்கேன். தெரியாது."

"மெலாக்ஸிகாம்னு ஒண்ணு இருக்குங்க. அது பாறுக்கு ஒண்ணும் பண்ணாது."

"அதுவும் கடையில இருக்கு." கத்தரி கொஞ்சம் நின்றது. "நான் சின்னப் பையனா இருந்தப்ப, ஏரிக்கரையில மாடு செத்தா எங்கிருந்துதான் வருமோ, திமுதிமுன்னு வந்து எறங்கும். சாயங்காலம் போனா எலும்புதான் கிடக்கும். இப்ப நாயிங்கதான் சுத்துது. கழுகு எங்க போச்சுன்னு நான் ஒரு நாளும் யோசிச்சதில்ல பாரு."

திருத்த ஒன்றுமே இல்லாமல் நான் கேட்டுக்கொண்டிருந்தது அன்றுதான் முதல் முறை.

பஞ்சு ஒட்டிய மோதிரம் வெளியே வந்தது. சந்தனக் கிண்ண அத்தை எட்டிப் பார்த்து, "கழுகு வயித்துலேர்ந்து தங்கம் வந்திருக்கு! இதைவிட நல்ல சகுனம் உண்டா?" என்று எல்லாருக்கும் அறிவித்தார். தட்டு மாற்றினார்கள். எனக்கு அன்று சாப்பாடு கடைசிப் பந்தியில்தான், அம்மாவின் உத்தரவு.

அதற்குப் பிறகு நான் அவர்கள் வீட்டில் 'கழுகுத் தம்பி'. சம்பந்தி மாமா புது மருந்து எது வந்தாலும் போன் செய்வார். "கழுகுத் தம்பி, இது உங்க ஆளுங்களுக்கு ஒத்துக்குமா?" தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லி, விசாரித்துச் சொல்லுவேன். விசேஷங்களில் பந்தி போட்டால், "மொதல்ல அவருக்குப் போடுங்க, அழிஞ்சுக்கிட்டு இருக்கார்" என்பார் செந்தில் மாமா. என் கல்யாணத்திலும் சொன்னார்.

போன மாதம் அக்கா போன் செய்தாள். அவள் மகள் ஒன்றாம் வகுப்பு. டீச்சர் ஒரு படத்தைக் காட்டி, கழுகை நேரில் பார்த்தவர்கள் கை தூக்குங்கள் என்றாராம். இவள் ஒருத்திதான் தூக்கினாளாம். எங்கே பார்த்தாய் என்று டீச்சர் ஆசையாகக் கேட்டிருக்கிறார்.

"எங்க மாமா" என்றாளாம்.

அக்கா சிரித்துச் சிரித்து இருமினாள். நானும் சிரித்தேன். போனை வைத்த பிறகு, அத்தனை குழந்தைகள் இருந்த அந்த வகுப்பில் வேறு ஒரு கைகூட எழவில்லை என்பது நினைவுக்கு வந்தது.