நேரக்காரரின் காவல் பெட்டி

செவ்வாய்க்கிழமை என்றால் அந்தக் கட்டடத்தின் மூன்றாம் மாடியில் காலை ஒன்பதுக்கே கால் வைக்க இடம் இருக்காது. வரிசையில் நிற்பவர்கள் யாரும் ஒன்றும் தெரியாதவர்கள் இல்லை. கைபேசிக்குள் ஓடுகிற ஆப்களைச் செய்து விற்கிற சின்னச் சின்னக் கம்பெனிக்காரர்கள். இயந்திரத்துக்கே புத்தி சொல்லித் தருகிறவர்கள். அவர்கள் எதற்கு நிற்கிறார்கள்? தங்கள் ஆப்பில் செய்த மாற்றத்தை எந்த நாள், எந்த மணிக்கு வெளியிடலாம் என்று நேரக்காரரைக் கேட்கத்தான்!

நேரக்காரர் சட்டையில் ஒரு கசங்கல் இருக்காது. கழுத்தில் டாக்டர் மாட்டுகிற ஸ்டெதாஸ்கோப். "சர்வருக்கும் உயிர் உண்டு. அது மூச்சை உள்ளே இழுக்கும்போது தொட்டால் படுத்துவிடும்" என்பார். சர்வர் என்பது ஆப்பை இயக்குகிற பெரிய கணினி. அது எங்கோ கடல் தாண்டி வாடகைக்கு இருக்கிறது. இவர் ஸ்டெதாஸ்கோப்பை வைப்பதோ ஜன்னலோரம் இருக்கிற இன்டர்நெட் பெட்டியின் மேல். தபால்பெட்டியில் காதை வைத்து, வெளியூர் அத்தைக்குச் சளி என்று சொல்லுகிற மாதிரி. ஆனாலும் எல்லோரும் வாயைப் பொத்திக்கொண்டு நிற்பார்கள்.

கூடவே ஒரு காவல் பெட்டியும் தருவார். உள்ளங்கை அகலம், நாலு பக்கமும் மூடி முத்திரை குத்தியது. பச்சை எரிந்தால் சர்வர் சுகம். சிவப்பு எரிந்தால் ஆபத்து, கை வைக்கக் கூடாது.

இரண்டாம் மாடியில், முன்பு தையற்கடையாக இருந்த அறையில், ஒரு மூன்று பேர் கம்பெனி. ஆளுயரக் கண்ணாடி இன்னும் சுவரில் இருந்தது. முதலாளி ஒருவர், அவர் மனைவியின் தங்கை ஒருத்தி. வீட்டில் அவளைச் சின்னவள் என்பார்கள். ஆப்பை எழுதுகிறவள் அவள்தான். வாடிக்கையாளர் போனை எடுக்கிறவர் அவளுடைய சித்தப்பா. மாத்திரை சாப்பிடும் நேரத்துக்கு மணி அடித்து நினைவூட்டுவது அவர்கள் ஆப். நானூற்றுப் பன்னிரண்டு பேர் அதை நம்பி மாத்திரை விழுங்கினார்கள். அதில் ஒருத்தி சின்னவளின் அம்மா. முதலாளிக்கு மாமியார்.

நேரக்காரர் மாதத்துக்கு ஒரு நல்ல நேரம்தான் கொடுப்பார். அதனால் ஒரு மாதத்து மாற்றங்கள் நாற்பது, ஐம்பது சேர்ந்து, மூட்டையாக ஒரே நாளில் வெளியே போகும். ஐம்பதில் ஒன்று கோணினால் போதும், ஆப் படுத்துவிடும். எது கோணியது என்று தேடவே இரண்டு நாள். "யாரோ அவநம்பிக்கையோடு பொத்தானை அழுத்தியிருக்கீங்க" என்பார் நேரக்காரர். அழுத்தாமல் இருந்து ஒன்றும் கெடவில்லை என்றால், "பார்த்தீங்களா, காப்பாத்திட்டேன்!" பூவா தலையா போட்டு இரண்டுக்கும் ஜெயிக்கிற மனிதரை நீங்கள் எங்கேயாவது பார்த்ததுண்டா?

இப்படியிருக்க, போன வாரம் வந்த மூட்டையில் ஒரு பிழையும் சேர்ந்து வந்துவிட்டது. மதிய மணி ஒன்றுக்கு ஒரு தடவை, கால் மணி கழித்து இன்னொரு தடவை அடித்தது. அம்மா சொல்பேச்சு கேட்கிறவள். மணி இரண்டு தடவை அடித்தால் மாத்திரையும் இரண்டு. ரத்தக் கொதிப்பு மாத்திரை அது. தலை சுற்றி, குளியலறைத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். நல்ல வேளை, விழவில்லை.

சின்னவள் அரை மணியில் பிழையைக் கண்டுபிடித்தாள். இரண்டே வரி. "அத்தான், திருத்திட்டேன். பூட்டைத் திறங்க, இப்பவே வெளியிட்டுடலாம்."

வெளியிடும் கடவுச்சொல் அத்தான் ஒருவரிடம்தான் இருந்தது. அவர் பெட்டியைப் பார்த்தார். சிவப்பு. "நல்ல நேரம் அடுத்த வியாழக்கிழமைம்மா. பத்து நாள்தானே?"

"பத்து நாளா! அம்மாவுக்கு என்ன ஆகும்?"

"அத்தைகிட்ட சொல்லிட்டேன், ரெண்டாவது மணியைக் கண்டுக்காதீங்கன்னு."

"மீதி நானூத்திப் பதினோரு பேருக்கு?"

மூலையிலிருந்து சித்தப்பா குரல் கொடுத்தார். "நான் ஒவ்வொருத்தருக்கா போன் போட்டுட்டிருக்கேன். இது அறுபத்திரண்டாவது ஆள். அவருக்குக் காது கேட்காது."

"அத்தான், ஒண்ணு சொல்றேன். தினம் ஒரு சின்ன மாற்றம். முதல்ல மெஷினே சோதிச்சுப் பார்க்கும். அப்புறம் பத்துப் பேருக்கு மட்டும் அனுப்பிக் கவனிக்கலாம். சரியில்லையா, ஒரு பொத்தான்ல பழையதுக்கே திரும்பிடலாம். டெவ்ஆப்ஸ்ங்கிறது இவ்வளவுதான். எல்லாம் எழுதித் தயாரா வெச்சிருக்கேன்."

"அதெல்லாம் ஆயிரம் பேர் இருக்கிற கம்பெனிக்கும்மா. நாம மூணு பேர்."

"மூணு பேருங்கிறதாலதான் வேணும். ஆப் படுத்தா தூக்கி நிறுத்த இங்க நாலாவது ஆள் யாரு, அந்தக் கண்ணாடியில தெரியுற நானா?"

அத்தான் கெட்டவர் இல்லை, பயந்தவர். போட்ட சேமிப்பெல்லாம் அந்த ஆப்பில் இருந்தது. பயந்தவர் கையில் சாவி இருந்தால் கதவு திறக்குமா?

எரிச்சலோடு படியிறங்கியவள், பல்பு போன திருப்பத்தில் சட்டென்று நின்றாள். சுவர் மாடத்தில் ஒரு காவல் பெட்டி சிவப்பாக எரிந்துகொண்டிருந்தது.

"இது ஏதுண்ணே?" என்றாள் அங்கே நின்ற கட்டடக் காவலாளியிடம்.

"அஞ்சாம் மாடிக் கம்பெனிக்காரங்க இழுத்து மூடிட்டுப் போறப்ப குப்பையில போட்டதும்மா. இருட்டா இருக்கேன்னு விளக்கா வெச்சேன். நல்லா எரியுது. மாசத்துல பத்து நாள் சிவப்பாயிடும். மத்தபடி பச்சைதான்."

சின்னவள் சிரித்த சிரிப்பில் காவலாளியே பயந்துவிட்டார். "அண்ணே, நாளைக்கு மத்தியானம் வரைக்கும் இதை இரவல் குடுங்க. நீங்களும் மேல வரணும்."

மறுநாள் செவ்வாய். அத்தானையும் சித்தப்பாவையும் இழுத்துக்கொண்டு வரிசையில் நின்றாள். அவர்கள் முறை வரும்போது மணி பன்னிரண்டரை.

"ஐயா, இந்தப் பெட்டியோட சர்வர் எப்படி இருக்குன்னு பார்த்துச் சொல்லுங்க. சந்தேகமா இருக்கு."

நேரக்காரர் ஸ்டெதாஸ்கோப்பை வைத்தார். கண்ணை மூடினார். நடைபாதையே மூச்சைப் பிடித்தது.

"ஐயையோ! மூச்சுத் திணறுது. வேலைப் பளு தாங்கலை. அடுத்த வியாழன் வரைக்கும் விரல் பட்டால் வெடிக்கும்."

"இன்னொரு தடவை நல்லாக் கேளுங்கய்யா."

"கேட்டாச்சும்மா! என் காது இதுவரை பிசகினது இல்லை."

சின்னவள் திரும்பினாள். "அண்ணே, இது யாரோட பெட்டி?"

காவலாளி தலையைச் சொறிந்தார். "படிக்கட்டு விளக்குங்க. அந்தக் கம்பெனி மூடி மூணு மாசமாச்சு. சர்வரும் இல்லை, ஒண்ணும் இல்லை."

நேரக்காரர் அசரவில்லை. "அப்படின்னா ஆபத்து படிக்கட்டுக்கு!" என்றார். வரிசையில் மேல்படியில் நின்ற ஒருவர் பட்டென்று காலை உயரத் தூக்கினார். தூக்கிய பிறகுதான் தன்னையே பார்த்து வெட்கப்பட்டார். முதல் சிரிப்பு அவருடையதுதான். பிறகு மாடி முழுக்க.

சித்தப்பா திருப்புளியால் பெட்டியைப் பிளந்தார். உள்ளே ஒரு பேட்டரி, நாள் எண்ணுகிற ஒரு குட்டிக் கடிகாரம், பச்சையும் சிவப்புமாக இரண்டு விளக்கு. கனமாக இருக்கட்டும் என்று ஒரு கூழாங்கல்.

அத்தான் அந்தக் கல்லைக் கையில் எடுத்து வெகுநேரம் பார்த்தார். இத்தனை நாளாக அவர் கம்பெனியைக் காத்துவந்த மகான் அதுதானே! பிறகு சின்னவள் கொண்டுவந்திருந்த மடிக்கணினியை வாங்கி, கடவுச்சொல்லைத் தட்டி, அவளிடமே நீட்டினார்.

"வெடிச்சுட்டா?"

"வெடிச்சா பழையதுக்குத் திரும்பிடலாம், அத்தான். கை புடிச்சுக்கோங்க."

சோதனைகள் ஒவ்வொன்றாகத் தேறின. முதலில் பத்துப் பேருக்கு. அதில் அம்மாவும் உண்டு. மணி ஒன்று. ஒன்றே கால். ஒன்று இருபதுக்குப் போன் அடித்தது. அத்தான் ஒலிபெருக்கியில் போட்டார்.

"மாப்பிள்ளே, மணி ஒரே தடவைதான் அடிச்சுது. ஆப் கெட்டுப்போச்சா?"

"இல்லை அத்தை, இப்பதான் நல்லாச்சு!" என்றார் அத்தான். மீதி நானூற்றிரண்டு பேருக்கும் அப்போதே அனுப்பினார்கள். சித்தப்பா போனைக் கீழே வைத்து, சிவந்த காதைத் தேய்த்துக்கொண்டார்.

இந்த அமளியில் நேரக்காரர் நழுவப் பார்த்தார். லிஃப்டுக்குள் நின்று பொத்தானை அழுத்து அழுத்தென்று அழுத்தினார். அது நகரவில்லை.

"நல்ல நேரம் வரலை போலிருக்குங்க! எங்க பெட்டிக்கெல்லாம் பதில் சொல்லிட்டுப் போங்க" என்று கத்தியபடி வரிசைக்காரர்கள் சூழ்ந்துகொண்டார்கள்.

இப்போது அந்தத் தையற்கடை அறையிலிருந்து தினம் காலை ஒரு சின்ன மாற்றம் வெளியே போகிறது. ஒரு நாள் ஒரு பொத்தான் காணாமல் போனது. நாலு நிமிஷத்தில் பழையதுக்குத் திரும்பினார்கள். யாருடைய அவநம்பிக்கையையும் யாரும் தேடவில்லை. எந்த வரி என்று தேடினார்கள், கிடைத்தது. பிளந்த பெட்டிக்குப் பதிலாக மூவருடைய காவல் பெட்டி படிக்கட்டு மாடத்துக்குப் போய்விட்டது.

அங்கே அது பச்சையும் சிவப்புமாக எரிகிறது. யாரும் தடுக்கி விழாமல் காக்கிறது. உள்ளதைச் சொன்னால், அந்தப் பெட்டி செய்த முதல் உருப்படியான வேலை அதுதான். நம் தலைக்குள்ளும் ஒன்று இருக்கிறதே கண்ணுகளா, முத்திரை குத்தாதது, யாரிடமும் வரிசையில் நிற்க வேண்டாதது. அதை எப்போது எரிய விடப் போகிறோம்?