முடக்கப்பட்டோர் பட்டியலில் ஒரு குடும்பம்

திரையில் சிவப்பு எழுத்தில் வந்திருந்த அந்த ஒற்றை வரியை அவர் நான்கு தடவை படித்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஐந்தாவது தடவையும் படித்தார். வரி மாறவில்லை.

'முறைகேடாக விளையாடியதற்காக "நேர்மை" என்ற ஆட்டக்காரர் முடக்கப்பட்டுள்ளார்.'

"இங்கே வந்து பாரு! என்னைத் திருடன்னு சொல்றான்!"

சமையலறையிலிருந்து மனைவி கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். "யாரு?"

"கம்ப்யூட்டர்!"

யாரைப் பார்த்து என்ன வார்த்தை! முப்பத்தாறு வருஷம் எடையளவு ஆய்வாளராக இருந்தவர் அவர். கடை கடையாக ஏறி, தராசுத் தட்டைக் கவிழ்த்துப் பார்த்து, அடியில் ஒட்டியிருந்த காந்தங்களைப் பிடுங்கி எடுத்தவர். வேலையில் இருந்தவரை எந்தக் கடையிலும் ஒரு வாய்த் தண்ணீர் வாங்கிக் குடித்ததில்லை. தெருவே அவரைத் தராசு என்றுதான் சொல்லும். முகத்துக்கு நேரே தராசு சார், முதுகுக்குப் பின்னால் வெறும் தராசு.

ஓய்வு பெற்ற பிறகு அவர் பழகிக்கொண்ட ஒரே பொழுதுபோக்கு, பாறைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு எதிராளியைக் குறிபார்த்துச் சுடுகிற இணைய விளையாட்டு. அதிலும் "நேர்மை" என்ற பெயரில்தான் ஆடினார். ஆரம்பத்தில் கொஞ்சம் தடுமாறினாலும், இந்த இரண்டு வருஷமாக அவரிடம் சிக்கியவன் எவனும் தப்பியதில்லை. முக்கியமாகச் சம்பந்தி தப்பியதில்லை. சம்பந்தி என்றால் மருமகளின் அப்பா. ஞாயிறுதோறும் மாலையில் அவரவர் வீட்டில் இருந்தபடியே இரண்டு பேரும் மோதுவார்கள்.

"எல்லாம் இந்த லினக்ஸ் போட்டதுக்கு அப்புறம்தான்," என்றார் மனைவி. "பழசே இருக்கட்டும்னு எத்தனை தடவை சொன்னேன்?"

சொன்னது உண்மைதான். ஊரெல்லாம் வைத்திருக்கிற அந்தப் பழைய சிஸ்டம் போன வாரம் ஒருநாள் காலையில், 'புதிய பதிப்புக்கு உங்கள் கணினி தகுதி பெறவில்லை' என்று அறிவித்தது. தராசு நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். என் மேசைமேல் உட்கார்ந்துகொண்டு, என் கரண்டைத் தின்றுகொண்டு, எனக்கே தகுதி இல்லை என்பதா? அன்றைக்கே கம்ப்யூட்டர் கடைக்காரரை வரவழைத்து, எல்லாவற்றையும் துடைத்து எறிந்துவிட்டு லினக்ஸ் என்ற இலவச சிஸ்டத்தைப் போடச் சொன்னார். "வேண்டாம் மாமா, பழசே நல்லாத்தான் இருக்கு," என்று மருமகளும் கெஞ்சினாள். அந்த வீட்டில் மாமியாரும் மருமகளும் ஒரே கட்சியில் நின்றது அதுதான் முதல் தடவை. லினக்ஸில் விளையாட்டை ஏற்றித் திறந்தது இன்றுதான்; திறந்ததுமே முடக்கம்.

இப்போது அதே கடைக்காரரைப் போனில் பிடித்தார்.

"சார், அந்த விளையாட்டுக்குள்ள ஒரு காவல் சாப்ட்வேர் இருக்கு. யாராவது கள்ளத்தனம் பண்றாங்களான்னு கம்ப்யூட்டருக்குள்ள எட்டிப் பார்க்கும். லினக்ஸைப் பார்த்தா அதுக்கு ஒண்ணும் புரியறதில்ல. புரியலைன்னா திருடன்னு எழுதிடும்."

"புரியலைன்னா விசாரிக்கணும்யா! நான் ஒரு கடையையாவது விசாரிக்காம சீல் வச்சிருக்கேனா?"

"அது எனக்கு எப்படி சார் தெரியும்? வேணும்னா ஒண்ணு பண்ணலாம். இது லினக்ஸே இல்லைங்கிற மாதிரி அதுகிட்ட காட்டிக்கலாம்."

"வேஷம் போடச் சொல்றீங்களா?"

"இல்லைன்னா வேற பேர்ல புதுசா ஒரு கணக்கு..."

"பேரை மாத்திக்கிறவன் யார் தெரியுமா? தராசுல கைவச்சு மாட்டினவன்! ஒருத்தன் மூணு பேர்ல மூணு பலகை மாட்டினான். மூணையும் இறக்கினவன்யா நான்!"

போனை வைத்துவிட்டு மனு எழுத உட்கார்ந்தார். 'பொருள்: காரணமின்றிச் சுமத்தப்பட்ட களங்கத்தை நீக்கக் கோருதல்.' நான்கு பக்கம். அனுப்பிய பத்தொன்பதாவது விநாடியில் விளையாட்டுக் கம்பெனியிலிருந்து பதில் வந்தது: 'தங்கள் முறையீடு கவனமாகப் பரிசீலிக்கப்பட்டு நிராகரிக்கப்பட்டது.'

"பத்தொன்பது விநாடியில கவனமாவாம்! என் முதல் பத்தியைப் படிக்கவே ஒரு நிமிஷம் ஆகும்!"

சரி, குற்றம் கம்ப்யூட்டரிலா தன்னிலா என்று நிரூபித்துவிட்டால் போயிற்று என்று முடிவு செய்தார். அதே விளையாட்டில் மகனுக்கு இருந்த கணக்கில் நுழைந்து, அதே லினக்ஸில் ஆட்டத்தைத் திறந்தார். ஒரு குண்டு சுடுவதற்குள்ளேயே மகனும் முடக்கப்பட்டான். அவன் அலுவலகத்திலிருந்து கூப்பிட்டான்.

"அப்பா, என்ன பண்ணீங்க? இங்க என்கூட ஆடறவங்க எல்லாரும் என்னைப் பார்த்துச் சிரிக்கிறாங்க."

"சோதனை பண்ணேன்டா."

"முடிஞ்சுதா?"

"எப்படி முடியும்? எந்தச் சரக்கையும் மூணு தடவை நிறுத்துப் பார்த்துட்டுத்தான் முடிவு எழுதணும். அதுதான் விதி."

மூன்றாவதாக மருமகளின் கணக்கில் நுழைந்தார். விதி நிறைவேறியது. மருமகளும் முடக்கப்பட்டாள்.

அந்தக் கம்பெனிக்கு ஒரு வழக்கம் உண்டு. முடக்கப்பட்டோர் பெயரை எல்லாம் திரட்டி, ஊர் பார்க்கப் பட்டியல் போடும். மறுநாள் காலையில் சம்பந்தி கூப்பிட்டார்.

"என்ன சம்பந்தி, குடும்பத்தோட உள்ளே போயிட்டீங்களாமே?"

"அது பொய்க் குற்றச்சாட்டு."

"உள்ளே போறவங்க எல்லாரும் அதைத்தானே சொல்றாங்க! எனக்கும் ரெண்டு வருஷமா ஒரு சந்தேகம் இருந்துச்சு. ஆனா ஒண்ணு, என் பொண்ணு உங்க வீட்டுக்கு வர்றவரைக்கும் அவ மேல ஒரு கறை கிடையாது."

தராசு போனைப் பட்டென்று வைத்தார். அவர் அப்பா, தாத்தா என்று அந்தப் பரம்பரையையே நோக்கி ஒரு சொல் வந்ததில்லை. இன்று சம்பந்தி வாயால் வந்துவிட்டது.

"ஞாயிற்றுக்கிழமைக்குள்ள இதைத் துடைக்கலைன்னா நான் அந்த மனுஷன் முகத்துல முழிக்க மாட்டேன்!"

"பேசாம பழைய சிஸ்டத்துக்கே போயிடலாமேங்க," என்றார் மனைவி.

"நானே போட்டுத் தரேன் மாமா, அரை மணி நேர வேலை," என்றாள் மருமகள்.

"திரும்பிப் போனா குத்தத்தை ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும். லினக்ஸ்லதான் விழுந்தேன், லினக்ஸ்லதான் எழுந்திரிப்பேன்!"

அதற்குப் பிறகு தினமும் காலையில் ஒரு மனு, மத்தியானம் ஒரு நினைவூட்டல், மாலையில் நினைவூட்டலுக்கு நினைவூட்டல். பணிச்சான்று, பாராட்டுப் பத்திரம், பிடிபட்ட காந்தங்களோடு நிற்கிற புகைப்படம் எல்லாம் இணைப்பாகப் போயின. சனிக்கிழமை, ஒரு மனிதர் எழுதியது போன்ற பதில் வந்தது.

'ஐயா, தங்களின் பதினைந்து கடிதங்களையும் படித்தோம். லினக்ஸ் என்ற ஒரே காரணத்துக்காகத் தங்களைத் தவறாக முடக்கிவிட்டோம். மூன்று கணக்குகளும் விடுவிக்கப்பட்டன. மனப்பூர்வமாக வருந்துகிறோம். தயவுசெய்து இனி எழுத வேண்டாம்.'

தராசு அதை அச்செடுத்துக் கூடத்துச் சுவரில் ஒட்டினார். பிறகு சம்பந்திக்குப் போன் போட்டார்.

"நாளைக்கு நேர்லயே வாங்க. பக்கத்துல உட்கார்ந்து ஆடுங்க. என் கை, என் கண்ணு, என் மவுஸ். கம்ப்யூட்டர் கடைக்காரரையும் சாட்சிக்குக் கூப்பிட்டிருக்கேன்."

இதைக் கேட்டதும் மருமகளுக்குத் தலைவலி வந்துவிட்டது. நாளை மாலை எப்படியும் கரண்ட் போய்விடும், சம்பந்தியை அலைய வைக்க வேண்டாம் என்று மனைவி சொல்லிப் பார்த்தார். தராசு காதில் போட்டுக்கொள்ளவில்லை.

ஞாயிறு மாலை கரண்ட் போகவில்லை. சம்பந்தி தன் மடிக்கணினியை மேசைமேல் வைத்து உட்கார்ந்தார். கடைக்காரர் கையைக் கட்டிக்கொண்டு பின்னால் நின்றார். தராசு சட்டைக் கையை மடித்துவிட்டு முதல் குண்டைச் சுட்டார்.

அது ஒரு மரத்தில் பட்டது.

இரண்டாவது குண்டு வானத்துக்குப் போனது. மூன்றாவது எங்கே போனது என்று யாருக்கும் தெரியவில்லை. சம்பந்தியின் வீரன் பாறைக்குப் பின்னாலிருந்து தலையை நீட்டிப் பார்த்தான். பிறகு ஒளிவதையே விட்டுவிட்டான். நட்ட நடு மைதானத்தில் நின்று, இடுப்பில் கைவைத்து ஓர் ஆட்டம் போட்டான். நாற்பது குண்டு தீர்ந்தபோது அவன் மேல் ஒரு தூசிகூடப் படவில்லை.

"என்ன சம்பந்தி, எனக்காக விட்டுக்குடுக்கறீங்களா?"

தராசு எழுந்து நின்றார். முகம் சிவந்துவிட்டது.

"இந்த லினக்ஸ்ல ஏதோ கோளாறு! மவுஸைப் பாருங்கய்யா!"

கடைக்காரர் குனிந்து, மவுஸை நாலு பக்கமும் நகர்த்திப் பார்த்தார். "நல்லாத்தான் இருக்கு சார். நீங்க எங்க நகர்த்தறீங்களோ அங்கதான் போகுது."

"அதைத்தான்யா கேட்கிறேன்! முன்னெல்லாம் நான் எங்க நகர்த்தினாலும் எதிராளி மேலதானே போய் நிக்கும்!"

கூடத்தில் சட்டென்று பேச்சு அடங்கியது. அந்த அமைதியில், சமையலறைக்குள் மருமகள் மாமியாரிடம் கிசுகிசுத்தது எல்லோருக்கும் தெளிவாகக் கேட்டது.

"அத்தை, மாமா தோத்துட்டுக் கத்துறது தாங்க முடியாம பழைய சிஸ்டத்துல நாம ரெண்டு பேரும் போட்டு வச்சோமே, தானா குறிபார்க்கிற கள்ள சாப்ட்வேர்... அது லினக்ஸ்ல ஓடவே ஓடாதாம்."