நம்மாளு என்கிற ஃபிட்டரும் என் காலி வீடும்

நாய்க்குக்கூட வம்சம் விசாரித்து விலை பேசும் ராஜபாளையத்தில், மனுஷனின் வம்சத்தைக் கலக்கிக் கூழாக்கிய ஒரே ஆள் எங்கள் 'நம்மாளு'தான். பேண்டேஜ் துணி நெய்யும் என் தறி ஷெட்டில் தறி ரிப்பேர் பார்க்கும் ஃபிட்டர். ஐந்தாம் வகுப்பைத் தாண்டாமல் முப்பது தறிக்கு முதலாளியான என்னையே கவிழ்த்தவன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

எங்கள் பக்கத்தில் "நம்ம ஆளா?" என்று ஒருவர் கேட்டால் சாதியைக் கேட்கிறார் என்று அர்த்தம். அந்தச் சொல்லை எடுத்து அவன் விளையாட்டாக்கிவிட்டான்; அதுவே அவன் பேராகவும் ஆனது. டீ நேரத்தில் ஒருவர், தன் வீட்டு ஆள் இந்த ஊருக்கு வந்த கதையைச் சொல்ல வேண்டும். கேட்கிறவர்கள், "அவரு நம்மாளுல்லா!" என்று காரணத்தோடு உரிமை கொண்டாட வேண்டும். நல்ல காரணத்துக்கு ஒரு வடை.

எனக்குச் சந்தேகம். சங்கம் கிங்கம் ஆரம்பிக்கிறானோ? நூல் மூட்டைக்குப் பின்னால் நின்று ஒட்டுக்கேட்டேன்.

"எங்க பூட்டன் செண்பகத்தோப்புக் காட்டுல கரடியப் பாத்துட்டு, ஓடுன ஓட்டத்துல இங்க வந்து விழுந்தாரு" என்றாள் நூல் சுற்றும் செல்லம்மா.

"ஏட்டி, பயந்து ஓடுனவரா? அப்ப நம்மாளுதான்! எங்க வம்சமே பொண்டாட்டிக்குப் பயந்து ஓடியாந்ததுதான்!" என்றான் நம்மாளு.

"யோவ், ஒத்த வடைக்குப் பூட்டனையே மாத்துவீரா?"

தெலுங்கு பேசும் வாட்ச்மேன் தன் பங்குக்கு, "மனவாடே!" என்று அதையே தெலுங்கில் கத்தினார்.

அந்தச் சமயம் தறி ஓட்டும் ஒடிசாக்காரன் பிசு ராத்திரியில் ஷெட்டிலேயே படுத்துக் கிடந்தான். பெண்டாட்டியும் கைக்குழந்தையும் ஊரிலிருந்து வரப்போகிறார்கள், தங்க வீடில்லை. "வடக்கத்தியானா? வேண்டாம்" என்று தெருத் தெருவாகக் கதவைச் சாத்தினார்கள். என் வீட்டுக்குப் பின்னால் ஒரு வீடு காலியாகத்தான் கிடந்தது. ஆனால் யார், என்ன என்று தெரியாமல் எப்படிக் கொடுப்பது?

ஒருநாள் நம்மாளு என்னையும் இழுத்தான். "மொதலாளி, உங்க கதைன்னா வடை பறக்கும்!"

என் கதை என்றால் விடுவேனா? "ஏலே, வ. புதுப்பட்டியிலருந்து ஒத்தப் பையோட வந்தவம்லே நான். எந்த ஊரு, எந்தத் தெருன்னு கேட்டுட்டு ஒரு பய வீடு குடுக்கல. பஸ் ஸ்டாண்டுல படுத்து எந்திச்சு இம்புட்டும் சம்பாதிச்சேன்!" என்று மார்தட்டினேன்.

பிசு துள்ளி எழுந்தான். "மொதலாளி நம்மாளு! அவருக்கும் வீடு குடுக்கல!"

ஷெட்டே சிரித்தது. நம்மாளு மட்டும் சிரிக்கவில்லை. வடையைப் பிசுவிடம் நீட்டிவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அன்று சாயங்காலமே அந்தக் காலி வீட்டுச் சாவியைப் பிசுவிடம் கொடுத்துவிட்டேன்.

நம்மாளு இப்போது ஸ்ரீவில்லிபுத்தூரில் மகள் வீட்டில் இருக்கிறான். "அன்னைக்கு வேணும்னேதானலே என் வாயக் கிளறுன?" என்று கேட்டால், "செத்த நேரம் இருங்க மொதலாளி, டீ வருது" என்பான். டீ வரும், பதில் வராது. அதைக் கேட்கிற சாக்கில்தான் வாராவாரம் அவனைப் பார்க்க வண்டியை எடுக்கிறேன். என்றைக்காவது சொல்லித் தொலைத்துவிடுவானோ என்று இப்போதெல்லாம் பயமாக இருக்கிறது.